தனித்து நின்றவர்கள்

1948ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவருக்குச் சுமார் 11 லட்சத்து 75 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் 39 பேர் அவர் பக்கம் நின்றார்கள். அதே தேர்தலில் நின்ற ஹென்ரி வாலஸுக்குக் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 11 லட்சத்து 57 ஆயிரம்; தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. 44 ஆண்டுகள் கழித்து, 1992இல், ராஸ் பெரோ என்ற டெக்ஸாஸ் கோடீஸ்வரர் எந்தக் கட்சியின் துணையுமின்றி நின்று ஒரு கோடியே 97 லட்சம் வாக்குகளைப் பெற்றார். தேர்வாளர் கணக்கில் அவருக்கு விழுந்ததும் பூஜ்யமே. இந்த மூன்று முடிவுகளையும் ஒரே பத்தியில் படிக்க நேர்ந்தால், அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் எண்களை மாற்றிப் போட்டுவிட்டான் என்றே நம்மில் பலரும் முடிவு கட்டுவோம். எண்கள் சரியானவை. அவை எப்படிச் சரியாயின என்பதுதான் நான் சொல்லப் புகுந்த கதை.

சுயேச்சை என்ற சொல்லை நாம் தேர்தல் காலங்களில் வெகு அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். தன் இச்சைப்படி நடப்பவன் என்பது அதன் பொருள். அமெரிக்க ஜனாதிபதி பதவியை நாடிப் புறப்பட்ட சுயேச்சை அபேட்சகர்களின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு போகையில், அவர்களுடைய சொந்த இச்சை செல்லுபடியாகக்கூடிய இடம் அந்தப் பாதையில் எவ்வளவு குறைவு என்பதுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது. ஜனங்கள் அவர்களை விரும்பவில்லை என்று சொல்லிவிட முடியாது. சில தடவை மிகவும் விரும்பியிருக்கிறார்கள். ஆயினும் அந்த விருப்பம் பதவியாகக் கனிவதற்குள் இரண்டு காகிதங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒன்று, 1787இல் எழுதிய அரசியல் சாசனம். மற்றொன்று, அதற்கு நூறு வருஷம் கழித்து, பரிசுத்தமான தேர்தல் வேண்டுமென்று தவங்கிடந்த சீர்திருத்தக்காரர்கள் கொண்டுவந்த வாக்குச்சீட்டு.

பிலடெல்பியா நகரத்தில் அந்தக் கோடைகாலத்தில் கூடி, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, சாசனத்தை வகுத்த பெரியவர்கள் கட்சி என்ற ஒன்றை மனத்தில் வைத்து அதை எழுதவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்குக் காங்கிரஸின் இரு சபைகளிலும் சேர்ந்து எத்தனை உறுப்பினர் உண்டோ அத்தனை தேர்வாளர்களை நியமிக்கும். அந்தத் தேர்வாளர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி, நாட்டிலுள்ள தக்க மனிதர்களுள் சிறந்தவர் யார் என்று நிதானமாக யோசித்து வாக்களிப்பார்கள். ஒருவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை கூடி, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில், முடிவு செய்யும் என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு. 1789இல் வாக்களித்த 69 தேர்வாளர்களும் ஒருவர் விடாமல் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரை எழுதினார்கள். அவர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். 1796இல் பதவியைவிட்டு விலகும்போது வெளியிட்ட விடைபெறும் அறிக்கையில் கட்சி வெறி நாட்டுக்கு நாசம் என்று எச்சரித்தே போனார். ஆக, அந்நாட்டின் முதல் ஜனாதிபதியே ஒரு சுயேச்சை. தேர்தலில் வென்று அந்த நாற்காலியில் அமர்ந்த கடைசிச் சுயேச்சையும் அவரே. (ஜான் டைலர் என்ற பத்தாவது ஜனாதிபதியை அவருடைய விக் கட்சியே 1841இல் வெளியேற்றிவிட்டது; மிச்சக் காலத்தைக் கட்சியின்றியே அவர் ஓட்டினார். அது தேர்தலால் வந்த தனிமையன்று, வீட்டைவிட்டுத் துரத்தியதால் வந்தது.)

வாஷிங்டன் எச்சரித்த வியாதி அவர் விலகிய வருஷத்திலேயே தலைகாட்டியது. 1796 ஜனாதிபதித் தேர்தலில் தாமஸ் ஜெபர்ஸன் மூன்றே தேர்வாளர் வாக்கு வித்தியாசத்தில் ஜான் ஆடம்ஸிடம் தோற்றார். அவருடைய சொந்த மாநிலமான வர்ஜினியாவிலிருந்தே ஒரு தேர்வாளர் ஆடம்ஸுக்கு வாக்களித்திருந்தார். ஏனெனில், அங்கே அப்போது தேர்வாளர்களை வட்டாரம் வட்டாரமாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க, 1800ஆம் வருஷத் தேர்தலுக்குமுன் வர்ஜினியா தன் சட்டத்தை மாற்றி, மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, முதலில் வந்தவருக்கே தேர்வாளர் அத்தனைபேரும் என்று வைத்துக்கொண்டது. இதைப் பார்த்த ஆடம்ஸின் மாஸசூஸெட்ஸ், வாக்காளர்களிடமிருந்தே அந்த உரிமையைப் பிடுங்கித் தன் சட்டசபையிடம் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தினால் நாமும் நகர்த்தாவிட்டால் நஷ்டம் நமக்கே என்பது உலக நியாயம். 1836க்குள் தென் கரோலினா ஒன்று நீங்கலாக எல்லா மாநிலங்களும் வர்ஜினியாவின் வழிக்கு வந்துவிட்டன. சாசனத்தில் இந்த விதி ஒரு வார்த்தையாகக்கூட இல்லை என்பதையும், இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று முந்தப்போய் உண்டாக்கிய பழக்கமே நாளடைவில் சாசனத்தைப்போல் இறுகிவிட்டது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களே இதிலிருந்து ஓரளவு விலகி நிற்கின்றன.

இதன் பலனைச் சொல்ல அதிகம் தேவையில்லை. நாடெங்கும் தூவிய விதைபோல் வாக்கு விழுந்தவனுக்கு அறுவடை கிடையாது; ஒரு மூலையில் குவிந்தவனுக்கு உண்டு. 1832இல் வில்லியம் வெர்ட் வெர்மாண்ட் மாநிலத்தை மட்டும் வென்று 7 தேர்வாளர்களைப் பெற்றதும், 1892இல் குடியானவர்களின் குறையைச் சொல்லி நின்ற ஜேம்ஸ் வீவர் மேற்கு மாநிலங்களின் தயவால் 22 பெற்றதும் இப்படித்தான். 1848இல் மார்ட்டின் வான் பியூரன், முன்பு ஜனாதிபதியாக இருந்தவராயிருந்தும், பத்தில் ஒரு பங்கு வாக்கை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். தர்மண்டுக்கும் ஹென்ரி வாலஸுக்கும் இடையே இருந்த வித்தியாசமும் இதுவே. தர்மண்டின் வாக்குகள் தெற்கேயுள்ள நாலு மாநிலங்களில் அடர்ந்து கிடந்தன. போதாக்குறைக்கு அந்த நாலிலும் டெமாக்ரடிக் கட்சியின் அதிகாரபூர்வமான அபேட்சகர் என்று அவர் பெயரையே சீட்டில் அச்சிட்டார்கள். அலபாமாவில் பதவியிலிருந்த ஜனாதிபதி ட்ரூமனின் பெயர் சீட்டிலேயே இல்லை. தர்மண்டைச் சுயேச்சை என்று சொல்வது உபசாரமே. கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்ற ஒரே கோஷத்தின்மேல் எழுந்த பிராந்தியக் கலகம் அது.

இனி இரண்டாவது காகிதத்திற்கு வருவோம். இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கோ, கதையின் ரசமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடித்ததே இல்லை. அச்சடித்தவை கட்சிகள். ஜனாதிபதித் தேர்வாளர் தொடங்கி உள்ளூர் உத்தியோகஸ்தர் வரையில் தன் அபேட்சகர்கள் அனைவரின் பெயரையும் ஒரே நீண்ட தாளில் வரிசையாக அச்சிட்டு, தூரத்திலிருந்து பார்த்தாலே இன்ன கட்சிச் சீட்டு என்று தெரியும்படி வர்ணக் காகிதத்தையும் சித்திரத்தையும் தேர்ந்தெடுத்து, சாவடியின் வாசலில் ஆள் நிறுத்தி, வருகிறவர்களின் கையில் அதைத் திணிப்பார்கள். வாக்காளன் அதை எல்லாரும் பார்க்க எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். நியூயார்க்கில், உள்ளே முன்கூட்டியே சீட்டு எதுவும் கிடக்கவில்லை என்பது ஊரார் கண்ணுக்குத் தெரியட்டுமென்று, உருண்டைக் கண்ணாடிக் குடுவையைக்கூட வைத்துப் பார்த்தார்கள். குடுவை ஸ்படிகமாயிருந்து என்ன பயன்? சீட்டின் நிறத்தைக்கொண்டே இன்னான் இன்னாருக்குப் போட்டான் என்பதை வேலை கொடுத்த முதலாளி கண்டுகொண்டான். காசு கொடுத்து வாக்கை வாங்கியவன், வாங்கிய சரக்கு வந்து சேர்ந்ததா என்பதை நின்ற இடத்திலிருந்தே சரிபார்த்துக்கொண்டான்.

இத்தனை ஆபாசத்திற்கு நடுவே அந்த முறையில் ஒரு சுதந்திரமும் இருந்தது. அபேட்சகனாக நிற்பதற்கு எவனுடைய அனுமதியும் வேண்டியதில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசும் வாசலில் நிறுத்த நாலு ஆளும் இருந்தால் போதும், யாரும் சீட்டு அடிக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் வாக்காளன் வெற்றுத் தாளில் தன் கையாலேயே பெயரை எழுதிப் போடலாம். கட்சிச் சீட்டில் ஒரு பெயர் மட்டும் பிடிக்கவில்லையென்றால் அதன்மேல் ஒட்டிக்கொள்வதற்கென்றே, வேறு பெயர் அச்சிட்டுக் கோந்து தடவிய சிறு துண்டுகளை அதிருப்தியாளர்கள் தயாராக வைத்திருப்பார்கள். கட்சியின் சீட்டில் கட்சியின் ஆளை மறைத்து அதைக் கட்சியின் முகவர் முன்னிலையிலேயே பெட்டியில் போட்டுவிட்டு வந்த அந்த மனிதனைச் சுயேச்சை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என்ற இரண்டு குடியேற்றங்களும் 1856இல் ஒரு புதிய வழியைக் கண்டன. அரசாங்கமே ஒரே மாதிரியான சீட்டை அச்சடித்து, எல்லா அபேட்சகர்களின் பெயரையும் அதில் போட்டு, வாக்காளனைத் தனியறைக்குள் அனுப்பி இரகசியமாகக் குறியிடச் செய்வது. அமெரிக்காவில் இந்த முறைக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் ஹென்ரி ஜார்ஜ் ஒருவர். நிலவரியைப் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற அதே ஜார்ஜ்தான். இரு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்ற மனிதர் அவர். 1886இல் நியூயார்க் மேயர் பதவிக்குத் தொழிலாளர் சார்பில் நின்று இரண்டாவதாக வந்தார். அந்தத் தேர்தலில் மூன்றாவதாக வந்த இருபத்தெட்டு வயது இளைஞரின் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். 1888இல் மாஸசூஸெட்ஸ் மாநிலம் முழுவதற்கும் புதுச் சீட்டைச் சட்டமாக்கியது. பத்து வருஷத்துக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன.

லஞ்சம் குறைந்தது, மிரட்டல் குறைந்தது, வாக்காளனுக்கு இரகசியம் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் சீட்டை அரசாங்கம் அச்சடிப்பதென்றால், யாருடைய பெயரை அச்சடிப்பது என்ற கேள்வி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பிறந்தது. எவனெவனோ கேட்டான் என்பதற்காக எல்லாப் பெயரையும் போட முடியாதே! ஆகவே, சென்ற தேர்தலில் இத்தனை வாக்கு வாங்கிய கட்சிக்குத் தானாகவே இடம் உண்டு, மற்றவர்கள் இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று சட்டசபைகள் விதி செய்தன. சட்டசபைகளில் இருந்தவர்கள் யார்? அந்த இரண்டு கட்சிக்காரர்கள். முதலில் எளிதாயிருந்த கையெழுத்துக் கணக்கும் கெடு தேதியும், இருபதாம் நூற்றாண்டில் கம்யூனிஸ்ட் பயம் முதலிய காரணங்களால், வரவரக் கடுமையாயின. வாசலைக் கட்டியவன் சாவியையும் தன் மடியிலேயே முடிந்துகொண்டான். கட்சி ஆதிக்கத்தை ஒழிப்பதற்காக ஹென்ரி ஜார்ஜ் போன்றவர்கள் கேட்ட சீட்டு, கட்சிகளைத் தவிர மற்றவர்களுக்கு எட்டாத சீட்டாக முடிந்த விந்தையை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இந்த இரண்டு காகிதங்களோடும் முட்டிப் பார்த்தவர்களில் மிகப் பெரியவர், நியூயார்க்கில் மூன்றாவதாக வந்த அந்த ரூஸ்வெல்ட்தான். இரண்டு தடவை ஜனாதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற அவர், 1912இல் தம் சிஷ்யரான டாப்டிடமிருந்து குடியரசுக் கட்சியைத் திரும்பக் கைப்பற்ற முயன்றார். அந்த வருஷம் உட்கட்சித் தேர்தல் நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவை, டாப்டின் சொந்த ஓஹையோ உள்பட, ரூஸ்வெல்டையே விரும்பின. சிகாகோ மாநாட்டிலோ தகராறுக்குட்பட்ட 254 ஆசனங்களில் 235ஐக் கட்சிக் கமிட்டி டாப்டுக்கே கொடுத்தது. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனியாக நின்றார். ஆனால் தனி மனிதராக நிற்கவில்லை, ஆறு வாரத்தில் முற்போக்குக் கட்சி என்ற புதுக் கட்சியையே சிருஷ்டித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய மனிதருக்கும் சீட்டில் ஏறப் பெயர்ப்பலகை ஒன்று தேவைப்பட்டது.

அக்டோபர் 14ஆம் தேதி மாலை மில்வாக்கி நகரத்தில், ஹோட்டலைவிட்டு வெளியே வந்து மோட்டாரில் ஏறியவரை ஒருவன் மார்பில் சுட்டான். அன்றைக்குப் பேசுவதற்காக ஐம்பது பக்கம் எழுதி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்; கூடவே எஃகினாலான மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தது. இரண்டையும் துளைத்து வேகமிழந்த குண்டு மார்பில் தங்கியது. ரூஸ்வெல்ட் கையில் இருமிப் பார்த்தார், இரத்தம் இல்லை, நுரையீரல் தப்பியது என்று தாமே முடிவு செய்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து, நேரே கூட்டத்திற்குப் போய், ஓட்டை விழுந்த தாள்களை ஜனங்களுக்குக் காட்டி, சட்டையில் இரத்தக் கறை பரவப் பரவ ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேசி முடித்தார். குண்டு கடைசிவரை அவர் உடம்பிலேயே இருந்தது. நம்முடைய பிரசாரகர்கள் நீண்ட பேச்சின் பயன்களைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த வீரத்திற்கெல்லாம் பலன் 27 சதவீத வாக்கும் ஆறு மாநிலங்களும் 88 தேர்வாளர்களும். பதவியிலிருந்த ஜனாதிபதி டாப்டை மூன்றாவது இடத்துக்குத் தள்ளினார். ஆனால் இருவரும் பிளந்துகொண்ட வாக்குக்கு நடுவே டெமாக்ரடிக் கட்சியின் உட்ரோ வில்ஸன் 42 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு 435 தேர்வாளர்களை அள்ளிக்கொண்டு போனார். இதற்குமேல் எந்த மூன்றாவது மனிதரும் அமெரிக்காவில் எட்டியதில்லை.

1924இல் விஸ்கான்ஸின் செனட்டர் ராபர்ட் லா பாலெட் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். புதுக் கட்சி வேண்டாம், நான் சுயேச்சையாகவே நிற்கிறேன் என்றார். அதன்பின் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமும் அவரை ஒவ்வொரு வேஷம் கட்டச் சொல்லிற்று. கலிபோர்னியாவில் சுயேச்சையாகச் சீட்டில் ஏற முடியாமல் சோஷலிஸ்ட் கட்சியின் பெயரை இரவல் வாங்கி நின்றார். 48 லட்சம் பேர், ஆறில் ஒரு பங்கு வாக்காளர்கள், அவரைத் தேடிக் கண்டுபிடித்து வாக்களித்தார்கள். கிடைத்தவை சொந்த மாநிலத்தின் 13 தேர்வாளர்கள். அடுத்த ஜூன் மாதத்தில் அவர் காலமானார்.

1968இல் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் வந்தார். பெயரில் 1948இல் நின்ற ஹென்ரி வாலஸோடு ஒற்றுமையே தவிர, கொள்கையில் எதிர்த் துருவம். இன ஒதுக்கலைக் காப்பதே என் வேலை என்று கவர்னர் பதவியேற்ற மனிதர். அவருடைய கொள்கையில் பாராட்ட ஒன்றுமில்லை. ஆனால் சட்டத்தின் சரித்திரத்தில் அவரை விட்டுவிட முடியாது. ஓஹையோவில் சீட்டில் இடம் பெற 4,33,100 கையெழுத்து வேண்டுமென்றும், தேர்தலுக்கு ஒன்பது மாதம் முன்னால் பிப்ரவரி தொடக்கத்திலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டுமென்றும் விதியிருந்தது. வாலஸின் ஆட்கள் நாலரை லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள். கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சுப்ரீம் கோர்ட் அந்த அக்டோபரில் ஓஹையோவின் விதி செல்லாது என்று தீர்த்தது. இனச் சமத்துவத் தீர்ப்புகளுக்காகத் தாம் நாள்தோறும் ஏசிய அதே கோர்ட்டின் கையால் வாலஸ் அந்த வரத்தைப் பெற்றார். ஐம்பது மாநிலங்களிலும் அவர் பெயர் ஏறியது; 99 லட்சம் வாக்கும், தெற்கே ஐந்து மாநிலங்களும், 46 தேர்வாளர்களும் வந்தன. வெல்லலாமென்று அவரே நினைத்ததில்லை. யாருக்கும் பெரும்பான்மை வராமல் முடிச்சுப் போட்டுவிட்டு, அதை அவிழ்க்கக் கூலி கேட்பதே அவர் திட்டம். நிக்ஸன் 301 வாங்கிவிட்டதால் பேரத்துக்கு இடமில்லாமற் போயிற்று. அந்தப் பயத்தில் தேர்வாளர் முறையையே ஒழித்து நேரடித் தேர்தல் வைக்கும் சாசனத் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 1969இல் 338க்கு 70 என்று நிறைவேற்றியது. அடுத்த வருஷம் செனட் சபையில் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள்.

கையெழுத்து வாங்குவது என்றால் என்ன என்பதை ஒரு கணம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடை வாசலில் ஒரு மடக்கு மேசை. அட்டையில் செருகிய படிவம். போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, பெயர், விலாசம், தேதி எல்லாம் அவரவர் கையாலேயே எழுதச் செய்ய வேண்டும். விலாசம் வாக்காளர் பதிவோடு ஒத்துப்போகவில்லையென்றால் அந்த வரி செல்லாது. ஆகவே நூறு தேவையென்றால் நூற்றைம்பது வாங்கி வைப்பதே விவேகம். டென்னஸியில் ஒரு சுயேச்சைக்கு 275 கையெழுத்து போதும். டெக்ஸாஸில் 2024இல் 1,13,151 தேவைப்பட்டது. அதையும் கட்சிகளின் உட்தேர்தல் முடிந்த பிறகு சுமார் பத்து வாரத்துக்குள் வாங்க வேண்டும். அந்த உட்தேர்தலில் வாக்களித்தவர் கையெழுத்திடக் கூடாது. தேசம் ஒன்று, பதவி ஒன்று. ஐம்பது மாநிலங்களும் தலைநகரும் சேர்ந்து வாசல்கள் ஐம்பத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு.

1980இல் இல்லினாய் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் ஆண்டர்ஸன் இந்தப் பூட்டுகளோடு மல்லாடுவதிலேயே பணத்தையும் பொழுதையும் செலவழித்தார். ஏப்ரல் 24ஆம் தேதி சுயேச்சையாக நிற்கப் போவதாக அறிவித்தபோது ஓஹையோவின் கெடு முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. வழக்காடியே ஐம்பது மாநிலங்களிலும் ஏறினார்; சுப்ரீம் கோர்ட் கொள்கையளவில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1983இல், அந்தத் தேர்தலில் வென்ற ரீகன் பதவியேற்று இரண்டு வருஷத்துக்கு மேலான பிறகு. கோடைக்கு முன் அபிப்பிராயக் கணிப்புகளில் 20 சதவீதத்துக்கு மேல் நின்றவர், செப்டம்பரில் பால்டிமோரில் ரீகனோடு விவாதம் செய்தார். பதவியிலிருந்த ஜனாதிபதி கார்ட்டர், மூன்றாவது மனிதரோடு மேடையேற மாட்டேன் என்று வராமலிருந்தார். அக்டோபர் இறுதியில் கார்ட்டரும் ரீகனும் சந்தித்தபோது, கணிப்பு 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதென்று ஆண்டர்ஸனுக்கு அழைப்பில்லை. வெல்ல மாட்டாரென்று ஜனங்கள் நினைத்ததால் ஆதரவு குறைந்தது. ஆதரவு குறைந்ததால் மேடை இல்லை. மேடை இல்லாததால் வெல்ல மாட்டார் என்பது நிச்சயமாயிற்று. 57 லட்சம் வாக்கு, தேர்வாளர் இல்லை.

பெரோவுக்குப் பணக் கவலை கிடையாது. 1992 பிப்ரவரி 20ஆம் தேதி இரவு லாரி கிங்கின் டெலிவிஷன் நிகழ்ச்சியில், ஜனங்கள் தாங்களே முன்வந்து ஐம்பது மாநிலங்களிலும் என் பெயரைச் சீட்டில் ஏற்றினால் நிற்கிறேன் என்றார். சீட்டு அவ்வளவு கடினமானது என்று அறிந்தே சொன்னாரா, தப்பித்துக்கொள்ளச் சொன்னாரா என்பது இன்றைக்கும் ஊகத்துக்குரியது. மடக்கு மேசைகள் நாடெங்கும் முளைத்தன. ஜூன் மாதத்தில் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் பெரோ 39, ஜனாதிபதி புஷ் 31, டெமாக்ரடிக் கட்சியின் கிளிண்டன் 25. ஒரு சுயேச்சை ஜனாதிபதிப் போட்டியில் முதலிடத்தில் நின்ற அந்தச் சில வாரங்கள், வாஷிங்டனுக்குப் பின் அந்நாடு காணாத காட்சி. ஜூலை 16ஆம் தேதி அவரே விலகிக்கொண்டார். அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: நான் நின்றால் யாருக்கும் பெரும்பான்மை வராது, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே எனக்கு ஆளில்லை. சாசனத்தை அவர் சரியாகவே படித்திருந்தார். ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற அந்தச் சபையில் ஏறக்குறைய எல்லா ஆசனங்களிலும் இரு கட்சிக்காரர்களே இருக்க, கட்சியற்றவனுக்கு அங்கே வாக்களிப்பவன் யார்?

அக்டோபர் முதல் தேதி திரும்பவும் களத்தில் இறங்கினார். அதன்பின் அவர் செய்தது, எந்தப் பிரசார நிபுணரும் செய்யத் துணியாதது. பிரதான நேரத்தில் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கையில் குச்சியோடு, அரசாங்கக் கடன் ஏறிய விதத்தைக் காட்டும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பள்ளிக்கூட வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் விளக்கினார். பாட்டில்லை, குழந்தைகளைத் தூக்கி முத்தமிடுவதில்லை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதை உட்கார்ந்து பார்த்தார்கள். முடிவில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அந்த வாக்கு ஏழை பணக்காரர், கிழக்கு மேற்கு என்று எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தது. அதுவே அவருக்கு வினையாயிற்று. புஷ் குடும்பம் கோடைகாலத்தைக் கழிக்கும் மெயின் மாநிலத்தில், சில நூறு வாக்கில் ஜனாதிபதி புஷ்ஷை முந்தி இரண்டாவதாக வந்தார். இரண்டாவது இடத்துக்குத் தேர்வாளர் கிடையாது. அவர் புஷ்ஷைக் கெடுத்தார் என்று குடியரசுக் கட்சியினர் வெகுகாலம் புலம்பினார்கள். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டபோதோ, பெரோ இல்லாவிட்டால் இருவருக்கும் சரிபாதியாகப் பிரிந்திருப்போம் என்றார்கள்.

2000இல் ரால்ப் நேடர் விஷயத்தில் இந்தப் புலம்பலுக்கு அதிக ஆதாரம் உண்டு. பசுமைக் கட்சியின் பெயரில் நின்ற அவருக்கு ப்ளோரிடாவில் 97,488 வாக்கு. அங்கே புஷ்ஷின் மகன் வென்றதோ 537இல். அதற்குப் பிறகு, வாக்கை வீணாக்காதே என்ற உபதேசம் எந்தச் சட்டத்தையும்விட வலிய காவலாயிற்று. 1987இல் இரு கட்சித் தலைவர்களும் சேர்ந்து அமைத்த விவாதக் குழு, 1996இல் மறுபடி நின்ற பெரோவையும் 2000இல் நேடரையும் மேடைக்கு வெளியே நிறுத்தியது. ஆனால் எந்த மெயின் மாநிலத்தில் பெரோவுக்கு இரண்டாமிடத்தால் பலனில்லாமற் போயிற்றோ, அதே மாநிலம் 1974இல் ஜேம்ஸ் லாங்லியையும் 1994இல் ஆங்கஸ் கிங்கையும் சுயேச்சைகளாகவே கவர்னர்களாக்கியது. அங்கே விழுந்த வாக்குகளை ஒரே குவியலாகக் கொட்டி எண்ணினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக இந்த வாசலில் வந்து நின்றவர் ராபர்ட் கென்னடியின் மகனான இளைய ராபர்ட் கென்னடி. டெமாக்ரடிக் கட்சியில் இடம் தேடிப் பார்த்துவிட்டு, 2023 அக்டோபரில், சாசனம் பிறந்த அதே பிலடெல்பியாவில், சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். கையெழுத்து வாங்கிய மாநிலங்கள் சில. கையெழுத்துக்குப் பதிலாக, ஏற்கெனவே சீட்டில் இடம் வைத்திருக்கும் சில்லறைக் கட்சிகளின் பெயரை லா பாலெட்டைப்போல் இரவல் வாங்கிய மாநிலங்கள் சில. நியூயார்க்கில், படிவத்தில் கொடுத்த விலாசம் அவர் மெய்யாக வசிக்கும் இடமன்று என்று கோர்ட் தீர்த்து அவர் பெயரை நீக்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்தி டிரம்புக்கு ஆதரவு சொன்னார். அதன் பிறகு, நியூயார்க்கில் என் பெயரைச் சேருங்கள் என்றும், மிச்சிகனிலும் விஸ்கான்ஸினிலும் என் பெயரை எடுங்கள் என்றும் ஒரே பருவத்தில் சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார். இரண்டு பிரார்த்தனைகளும் பலிக்கவில்லை. மிச்சிகனில் இயற்கை விதிக் கட்சி என்ற ஒன்றின் அபேட்சகராக அவர் பெயர் அச்சாகிவிட்டது, அச்சானது அச்சானதுதான். நிற்காத அந்த மனிதருக்கு நாடு முழுவதும் சுமார் ஏழரை லட்சம் வாக்கு விழுந்தது.

கலிபோர்னியாவில் அவருக்குக் கிடைத்த இரவல் பெயர் அமெரிக்க சுயேச்சைக் கட்சி என்பது. 1968இல் ஜார்ஜ் வாலஸ் சீட்டில் ஏறுவதற்காக உண்டான கட்சி அது. 1963இல் அலபாமா சர்வகலாசாலையின் வாசலில் கறுப்பு மாணவர்களை மறித்து நின்ற வாலஸை விலகச் செய்ய, அட்டர்னி ஜெனரலாக வாஷிங்டனிலிருந்து காரியம் நடத்தியவர் இளைய கென்னடியின் தகப்பனார்; வாலஸ் நின்ற அதே தேர்தலுக்கு டெமாக்ரடிக் அபேட்சகராக முயன்றுகொண்டிருக்கையில், அதே கலிபோர்னியாவில் குண்டுபட்டு இறந்தார். 56 வருஷம் கழித்து, அந்த மாநிலத்து வாக்குச்சீட்டில், வாலஸின் கட்சிப் பெயருக்கு நேரே ராபர்ட் கென்னடி என்று அச்சடித்திருந்தது.